நூற்றிருபத்தைந்தின் கனமூலம்

கம்பம் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்தில் நான் ஒருத்திதான் பெண். அதனாலேயே கணக்கு வாத்தியார் என் நோட்டைக் கூடுதல் அக்கறையோடு திருத்துவார். நூற்றிருபத்தைந்துக்கு அடுக்கு மூன்றில் இரண்டு. அதை மூலக்குறி போட்டு எழுதி விடை காணச் சொன்னார். முதலில் வர்க்கம், அப்புறம்தான் கனமூலம் என்பது அவர் சட்டம். நூற்றிருபத்தைந்தை அதே எண்ணால் பெருக்கி, வந்த பதினையாயிரத்துச் சொச்சத்துக்குக் கனமூலம் தேடி வகுப்பே வியர்த்துக்கொண்டிருந்தது. நான் கனமூலத்தை முதலில் எடுத்தேன். ஐந்து. அதன் வர்க்கம் இருபத்தைந்து. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

வாத்தியார் பெரிய முட்டை போட்டார். 'நான் செய்தது தவறு' என்று நூறு தடவை எழுதச் சொன்னார். விடை சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். மன்னிப்புக் கேட்கும்வரை வகுப்புக்குள் வராதே, வீட்டில் பெரியவர்களைக் கூட்டி வா என்று வெளியே நிறுத்தினார். இன்றைக்குச் சொன்னாலும் எழுத மாட்டேன்.

அப்பா இல்லாத வீடு. அம்மாவின் தம்பி, எனக்கென்று பேசி வைத்திருந்த மாமா, அவர் வார்த்தைதான் எங்களுக்குக் கடைசி. வருகிற தையில் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று அவர் வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். என் படிப்புதான் குறுக்கே நின்றது.

"எழுதிக் குடுத்துத் தொலையேன்டி. மாமன் நிறுத்தச் சொன்னாகன்னா அதோட சரி" என்று அம்மா கெஞ்சினாள்.

நடவைப் பாதியில் விட்டு, காலில் சேறு காயும் முன்பே மாமா பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். வாத்தியாரின் புகார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார் போட்டா எம்புட்டு வருது?"

"இருபத்தைந்து."

"இவளுக்கு?"

"அதேதான். ஆனால் வழி..."

"பெறகு எதுக்கு சார் இவ மன்னிப்புக் கேக்கணும்?"

வாத்தியார் விடவில்லை. "இப்படி எதிர்த்துப் பேசுகிற பெண்ணை இன்னும் எத்தனை நாளைக்குப் படிக்க வைப்பீர்?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலை குனியவில்லை.

"பள்ளிக்கூடப் படிப்பு முடியிற மட்டும் அனுப்புவோம் சார். நிறுத்துறதா இல்ல."

அன்றே என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

தையில் மாமாவுக்குச் சின்னமனூரில் வேறு பெண் பார்த்து முடித்தார்கள். வாத்தியாரை ஜெயித்த மிதப்பு எனக்கு இன்னும் இறங்கியிருக்கவில்லை. பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கினேன். பக்கத்து இலையில் அம்மா சோற்றைத் தொடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உன் தம்பி கல்யாணத்தில் உனக்கென்ன அழுகை என்று அவளை அதட்டினேன்.