கொக்கியில் மாட்டியிருந்த கதவு

1. முதல் நாள்

ரங்கூன் போட்டாதாங் ஜெட்டியில் வேலைக்குச் சேர்ந்த அன்று செல்வம் அண்ணன் ஒரு கயிற்று நுனியை என் கையில் கொடுத்தார்.

"இது என் உசுருடா மாணிக்கம். கீழ போட்டுடாத."

சொல்லிவிட்டு வெற்றிலை எச்சிலைத் துப்பினார், ரப்பர் ஹோஸை வாயில் கவ்வினார், ஈய பெல்ட்டோடு ஆற்றில் இறங்கிப் போய்விட்டார். அவர் டைவர். நான் கயிறு பிடிக்கிறவன். ஆற்றடியில் கிடக்கிற பழைய கப்பல்களின் இரும்பையும் பித்தளையையும் எடுத்து விற்பதுதான் எங்கள் முதலாளியின் தொழில்.

படகில் ஒரு டீசல் கம்ப்ரசர் இருக்கும். அதிலிருந்து போகிற காற்றைத்தான் டைவர் கீழே மூச்சாக இழுக்கிறார். ரங்கூன் ஆற்றுத் தண்ணீர் பால் ஊற்றிய டீ மாதிரி இருக்கும். இறங்கியதும் கண்ணுக்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். மேலே இருக்கிறவனோடு பேச்சு கயிற்றில். ஒரு இழுப்பு என்றால் சுகம். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு.

இப்போது இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறவியிலேயே பயந்தவன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வீட்டுக்கு ஓடுகிற ஆள். அன்றைக்குக் கயிறு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. கீழே என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். இழுத்துவிட்டேன். செல்வம் அண்ணன் மேலே வந்து மூச்சு வாங்க என்னைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. கயிறு அசையல..."

"வேல செஞ்சிட்டு இருந்தேன்டா!"

மறுபடி இறங்கினார். மறுபடி இழுத்தேன். மூன்றாவது முறை வந்தபோது அவருக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "மீனா புடிக்கிற?" என்றார். அன்றிலிருந்து ஜெட்டியில் எனக்குப் பேர் தூண்டில்காரன்.

2. ஆற்றடியில் கிடந்த சண்டை

ஜப்பான்காரன் சண்டையை நான் புத்தகத்தில் படித்ததில்லை. ஆற்றிலிருந்து என்ன ஏறி வந்ததோ அதை வைத்துத் தெரிந்துகொண்டேன். வளைந்த கிரேன் கை, குண்டு வெடித்துப் பூவாய் விரிந்த தகடு, வெடிக்காமல் பாசி பிடித்துக் கிடந்த ஷெல். கடைசியில் சொன்னதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம் கிறிஸ்மஸ் வாரத்தில் விமானம் வந்து குண்டு போட்டதாம். வெயில் நேரம். ஜெட்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நம் ஆட்கள் அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்களாம், அவ்வளவு விமானத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அப்புறம் சயாம் எல்லையிலிருந்து ஜப்பான் பட்டாளம் இறங்கியது. மோல்மேன் அவன் கைக்குப் போனது, சித்தாங் பாலத்தை வெள்ளைக்காரனே உடைத்தான், பெகு போனது. வெள்ளைக்காரன் ரங்கூனை விட்டுப் போகும்போது துறைமுகத்தையும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகளையும் கொளுத்திவிட்டுத்தான் போனான். நம் ஜனம் பிரோம் ரோட்டில் மூட்டையும் பிள்ளையுமாக இந்தியாவைப் பார்த்து நடந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. வழியில் கிடந்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் அப்போது பிரித்துக்கொண்டிருந்தது அந்த முதல் குண்டுவீச்சில் முழுகிய ஒரு நிலக்கரிக் கப்பல்.

3. காமாட்சி அம்மா

காமாட்சி அம்மா ஓடைக்கு அந்தப் பக்கம் தாகேதாவில் இருந்தார். காலையில் அவித்த பெப்யோ பயறைக் கூடையில் வைத்துத் தெருத் தெருவாக விற்பார். எழுபது வயதைத் தாண்டியும் குரல் மட்டும் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். பர்மாக்காரர்கள் மரியாதையாக டோ காமாட்சி என்பார்கள். விற்று முடித்ததும் வீட்டுக்குப் போகாமல் ஜெட்டிக்கு வந்து, எங்கள் படகு நிற்கிற இடத்துக்கு நேரே உட்காருவார். ஆற்றைப் பார்ப்பார். நாங்கள் கரைக்கு வந்தால் மிச்சப் பயறை இலையில் வைத்துக் கொடுப்பார்.

ஒரு நாள் செல்வம் அண்ணன்தான் கேட்டார். "ஏம்மா, தினம் வந்து யாரப் பாக்குறீங்க?"

"எங்கப்பாவ," என்றார்.

அவர் அப்பா அந்தக் கப்பலில் பாய்லருக்குக் கரி போடுகிறவர். குண்டு விழுந்தபோது காமாட்சி அம்மா வயிற்றுப் பிள்ளை. கப்பலின் முன்பக்கம் உடைந்ததும், தண்ணீர் பரவாமல் இருக்க மேலிருந்த அதிகாரி பாய்லர் ரூம் கதவை மூடச் சொன்னான், கரி போடுகிறவர்கள் உள்ளேயே செத்தார்கள் என்பது ஜெட்டியில் ஒரு பேச்சு. இல்லை, அந்த ஆளைப் பிரோம் ரோட்டில் மூட்டையோடு பார்த்தேன் என்பது இன்னொருவர் பேச்சு. காமாட்சி அம்மாவின் அம்மா இரண்டாவது பேச்சைப் பிடித்துக்கொண்டார். பொட்டும் தாலியுமாகவே காலம் முழுக்க இருந்தார்.

"அம்மா செத்தன்னிக்கி ஊட்டுல ஒரே சண்ட," என்றார் காமாட்சி அம்மா. "பூ வெச்சி அனுப்பணும்னு பாதிப் பேரு. புருசன் தண்ணியில போயி எத்தினி வருசம், தாலிய எடுங்கடின்னு மீதிப் பேரு. பெணம் காத்துக் கெடக்கு. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. நா என்னத்தக் கண்டேன்? பூ வெய்யின்னேன். அது சரியா தப்பான்னு இன்னி வரைக்கும் மனசு கெடந்து அடிச்சிக்குது."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்கப்பா சட்டம் கேக்க மாட்டாராமே. பாய்லர் ரூம் கதவ எப்பவும் சாத்தித்தான் வெக்கணுமாம். இவுங்கல்லாம் வேகுதுன்னு தொறந்து செவுத்துக் கொக்கியில மாட்டிருவாங்களாம். அதுக்குத் திட்டு வாங்கிட்டு வந்து எங்கம்மாகிட்ட எரிஞ்சு விழுவாராம்."

அதன் பிறகு நானும் அந்தக் கப்பலைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு மூடியா, திறந்தா? எது தெரிந்தால் அந்த அம்மாவுக்கு நல்லது? மூடியிருந்தால் அந்தச் சாவை நினைக்க முடியவில்லை. திறந்திருந்தால், உயிரோடு போன மனுஷன் ஏன் திரும்பி வரவில்லை? எனக்கு இரண்டுமே பயமாக இருந்தது.

4. நீர் நிற்கிற நேரம்

முதலாளி ஊ ஜோ பர்மியர். அவர் செல்வம் அண்ணனிடம் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"நாளைக்கு கிராப் வருது. பாய்லர் பக்கம் முழுக்கப் பிச்சு எடுத்துடும். இன்னிக்கு இறங்கி சங்கிலிக்கு இடம் பாத்துட்டு வா, போதும்."

கிராப் என்பது பார்ஜ் என்கிற தட்டைப் படகில் நிற்கிற பெரிய இரும்புக் கை. அது கவ்வினால் கதவு எது, சுவர் எது என்று தெரியாமல் நசுங்கித்தான் வரும். செல்வம் அண்ணன் என்னைப் பார்த்தார். கரையில் காமாட்சி அம்மா உட்கார்ந்திருந்தார்.

"கதவத் தடவிப் பாத்துட்டு வரேன்டா."

"அண்ணே, வேணாம். நீரு திரும்பிரும்."

எங்கள் வேலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் ஆறு அசையாமல் நிற்கிற கொஞ்ச நேரத்தில்தான். நீர் திரும்பினால் ஆளைச் சுழற்றித் தகட்டில் அடிக்கும், ஹோஸ் அறுந்தால் அவ்வளவுதான்.

"நா மூணு குடுத்தா மட்டும் இழு. நீயா இழுத்தே, அந்தம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

வாழைச் சீப்பையும் இளநீரையும் ஆற்றுச் சாமி ஊ ஷின் ஜிக்கு வைத்தார், பக்கத்திலேயே காளியம்மாளுக்குச் சூடமும் ஏற்றினார். எந்தப் பக்கமும் மனக்குறை இருக்கக் கூடாது என்பார். இறங்கினார்.

கயிறு போனது. நின்றது. ஒரு இழுப்பு, சுகம். பிறகு இரண்டு, கயிறு விட்டேன். அவர் உள்ளே போகிறார் என்று புரிந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

படகைச் சுற்றிக் கிடந்த பாசி மெல்ல நகரத் தொடங்கியது. நீர் திரும்புகிறது. நான் ஒரு இழுப்புக் கொடுத்தேன். பதில் இல்லை. கம்ப்ரசரைப் பார்த்தேன், ஓடுகிறது. ஹோஸ் இறங்குகிற தண்ணீரைப் பார்த்தேன், குமிழி வருகிறது. குமிழி வந்தால் மூச்சு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நங்கூரக் கயிறு விறைத்து முனகியது.

"இழு!" என்று ஊ ஜோ கத்தினார். "என்ன பாத்துட்டு நிக்கிற, இழு!"

வாழ்நாள் முழுக்க யாரும் சொல்லாமலேயே இழுத்தவன் நான். அன்றைக்கு முதலாளி சொல்லியும் இழுக்காமல் நின்றேன். இன்னொரு தரம் மெதுவாக ஒரு இழுப்புக் கொடுத்தேன். அண்ணே, இருக்கீங்களா என்கிற மாதிரி.

ஒரு இழுப்புத் திரும்பி வந்தது. கொஞ்சம் கழித்து மூன்று. நானும் ஊ ஜோவும் சேர்ந்து இழுத்தோம்.

5. கரையில்

செல்வம் அண்ணன் ஈரத்தோடு போய்க் காமாட்சி அம்மா முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கதவு தொறந்துதாம்மா இருக்கு. தொறந்து, செவுத்துக் கொக்கியில மாட்டி இருக்கு. துரு உப்பி ஒட்டிக்கிச்சு, அசைக்க முடியல. உள்ள ஏணி வரைக்கும் தடவிட்டேன். கரி வார்ற மம்பட்டிதான் கெடக்கு. மனுச எலும்பு ஒண்ணும் கைல படல."

காமாட்சி அம்மா முதலில் சிரித்தார். "பாத்தீங்களா? சொன்னேன்ல, சாத்தவே மாட்டாராம்."

கூடையைத் துணியால் மூடினார், மறுபடி திறந்தார்.

"அப்ப வெளிய வந்துட்டாரு."

"ஆமாம்மா."

"வந்தா நேரா ஊட்டுக்குத்தான் ஓடியாந்திருப்பாரு. அம்மா புள்ளத்தாச்சி இல்ல?"

செல்வம் அண்ணன் தலையாட்டினார்.

"நாங்க அங்க இல்லியே. குண்டு விழுந்த ஒடனே பக்கத்து ஊட்டுக்காரங்க அம்மாவ சம்பான் படகுல ஏத்தி ஓடைக்கு அந்தாண்ட கொண்டுபோயிட்டாங்க. அப்புறம் எங்கியோ வயக்காட்டு ஊரு. திரும்பி வந்தப்ப கூலிக்காரங்க லைன் வீடு மொத்தமும் சாம்பலு." ஆற்றைப் பார்த்தார். "நாங்கதான் காத்துக்கிட்டு இருந்தோம்னு இத்தன காலம் நெனச்சேனே. அவரு வந்து கூப்ட்டிருக்காரு. நாங்க இல்ல. எங்களத் தேடித்தான் அந்த ரோட்டுல நடந்திருக்காரு."

அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "பூ வெச்சது சரிதான்," என்றார். எங்களிடம் அல்ல, தனக்குத்தானே.

அவர் போன பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. கீழே இருட்டு, பார்த்தது செல்வம் அண்ணன் கை மட்டும். "நெசமாவாண்ணே? ஆறுதலுக்குச் சொன்னீங்களா?"

வலது கையை நீட்டினார். கொக்கியை அசைத்துப் பார்த்த விரல்கள் துருவில் கிழிந்திருந்தன.

"பொய் சொல்லணும்னா அந்தம்மாவுக்கு எது நல்லதுன்னு தெரியணும்டா. எனக்குத் தெரியல. அதான் உள்ளதச் சொன்னேன்."

மறுநாள் கிராப் வந்து எல்லாவற்றையும் நசுக்கி எடுத்தது. காமாட்சி அம்மா ஜெட்டிக்கு வருவது நின்றுபோனது. செல்வம் அண்ணனும் இப்போது இல்லை, காய்ச்சலில் போய்விட்டார். ரோட்டில் எங்காவது கம்ப்ரசர் சத்தம் நின்றால், இன்றைக்கும் என் கை கயிற்றைத் தேடுகிறது.

கயிறு பிடிக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மேலே நிற்கும்போது நாம்தான் காத்திருக்கிறோம் என்று தோன்றும். கீழே இருக்கிறவனும் நம் இழுப்புக்குத்தான் காத்திருக்கிறான். பயம் வந்தால் இழுத்துவிடாதீர்கள். ஒரு முறை கேளுங்கள், பதில் வரும் வரை கயிற்றை விடாமல் நில்லுங்கள்.

ஒரு நாள் தாகேதாவில் அந்த அம்மா வீட்டு வழியாகப் போனேன். பகல் வெயில். உள்ளே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாசல் கதவு அகலத் திறந்திருந்தது, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி சுவரில் புதிதாக ஒரு கொக்கி அடித்து மாட்டியிருந்தார். திருடன் வந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பகீரென்றது. சாத்தலாமா என்று கதவுவரை போனேன். கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.