கையில் மாலையோடு விழுப்புரத்துக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு தந்தி வந்தது. வந்த உடனே அழுகை தொடங்கிவிட்டது. படிக்காமலேயே!

உங்கள் தெருவில் மட்டும் வேறு மாதிரியா என்ன? தந்தி என்றால் சாவு. நல்ல சேதிக்கு யார் தந்தி அடிக்கிறார்கள்? அதற்குத்தான் கார்டு இருக்கிறதே.

தந்தி அடுத்த வீட்டுப் பச்சையம்மாளுக்கு. வழக்கமாக வருகிற தந்திக்காரர் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போவார். அன்றைக்கு வந்தவர் புது ஆள். கைநாட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். பச்சையம்மாள் அந்த இங்கிலீஷ் காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். என்னிடம் இல்லை – நான் ஐந்தாவதோடு நின்றவன். என் மகள் மல்லிகாவிடம். அவள் எட்டாவது.

எட்டாவதில் இங்கிலீஷ் என்று என்னதான் சொல்லித் தருகிறார்கள்? நானும் ஒருமுறை அவளைக் கேட்டிருக்கிறேன். லீவ் லெட்டர், பசு மாட்டைப் பற்றி ஒரு பக்கம், ஒரு பாட்டு மனப்பாடம்... அப்புறம் ஒரு பத்தியைக் கொடுத்து, கீழே ஐந்து கேள்வி. "பத்தியில இருக்கிறதை வெச்சுத்தாம்பா பதில் எழுதணும். நாமளா ஒண்ணு சேத்து எழுதினா டீச்சர் மார்க் போட மாட்டாங்க" என்றாள். இதற்கெல்லாம் ஒரு பாடமா என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லிகா விரல் வைத்து இரண்டு தரம் படித்தாள்.

"மாணிக்கம் மாமாவுக்கு உடம்பு ரொம்ப மோசம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில இருக்காரு. தங்கச்சியைக் கேக்கறாரு. உடனே வரணும். அவ்ளோதான் அத்தை."

மாணிக்கம், பச்சையம்மாளின் ஒரே அண்ணன். "போயிட்டியா அண்ணா!" என்று அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதீங்க அத்தை! உயிரோடதான் இருக்காரு. ஜல்தியா கெளம்புங்க, ரெண்டு மணி பஸ்ஸைப் புடிக்கலாம்."

மூலைக்கடை கோவிந்தசாமி குறுக்கே வந்தார். எங்கள் தெருவில் நல்லது கெட்டது எல்லாம் அவர் சொல்கிறபடிதான்.

"அடப் பைத்தியமே, செத்துட்டாருன்னு எவனாவது தந்தி அடிப்பானா? வர்ற வழியில மனசு ஒடிஞ்சு போயிடும்னு இப்படித்தான் அடிப்பான். உன் இங்கிலீஷ் புக்குல இதெல்லாம் வராது."

"கேக்கறாருன்னு போட்டிருக்கு மாமா. செத்தவரு எப்படிக் கேப்பாரு?"

"தோ பார்றா... வாத்தியாரம்மா!" என்றது ஒரு குரல். நாலு பேர் சிரித்தார்கள். அழுகைக்கு நடுவில்தான்!

கோவிந்தசாமியைக் குறை சொல்லவும் முடியாது. அதுவரை எங்கள் தெருவுக்கு வந்த தந்திகளில் எல்லாம் 'உடம்பு மோசம்' என்றுதான் இருந்தது. போய்ப் பார்த்தால் பாடை தயாராக இருந்தது.

மல்லிகா என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லுப்பா."

நான் அவளை நம்பினேன். சத்தியமாக நம்பினேன். ஆனால் இருபது பேர் நடுவில் வாயைத் திறப்பது... சின்ன வயதிலிருந்தே எனக்கு வராத காரியம். இங்கே எழுதுகிறேன் என்றால், நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணி பஸ் போயிற்று. ஓமந்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர வேண்டுமே? கூடப் பிறந்தவள், பிணத்துக்குப் போர்த்தக் கோடித் துணி இல்லாமல் போகலாமா? பூட்டியிருந்த ஜவுளிக்கடையைத் திறக்கச் சொல்லி வாங்கினார்கள். மாலை கட்டச் சொன்னார்கள். மூன்று மணி பஸ்ஸும் போயிற்று.

மாலை கசங்காமல் பிடித்துவர ஒரு ஆள் வேண்டும். "நீ புடிப்பா. நீதான் பேசாம வருவே" என்று கோவிந்தசாமி என் கையில் கொடுத்தார்.

வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரி. மல்லிகாவும் கூட வந்திருந்தாள். பெண்கள் வாசலிலேயே மாரடித்துக்கொண்டு நுழைந்தார்கள். நர்ஸம்மா ஓடிவந்து, "யாரும்மா செத்தது?" என்று கேட்டார்.

மூன்றாவது கட்டிலிலிருந்து மாணிக்கம் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகை அப்படியே நின்றது. அவர் கண் தங்கையிடம் போயிற்று. அவள் கக்கத்தில் இருந்த கோடித் துணிக்குப் போயிற்று. பிறகு என்னிடம் வந்தது. என் கைக்கு.

"எனக்கா?" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது.

கோவிந்தசாமி கதவுப் பக்கம் நகர்ந்தார். மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். மல்லிகா வந்து என் விரல்களைப் பிரித்து அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது வெறும் கை. என்ன செய்தாய் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கினு இருந்தாரு" என்றார் நர்ஸம்மா.

பச்சையம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் வாயில் தண்ணீர் விட்டாள்.

"ஏன் பச்சை, இவ்ளோ நேரம்?"

"பஸ்ஸு கெடைக்கலண்ணா."

செவ்வாய்க்கிழமை காலை அவர் போய்விட்டார். ஒன்றரை நாள்தான் அவளுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு மத்தியானத்தை நாங்கள் திண்டிவனத்திலேயே தின்றுவிட்டோம் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மல்லிகாவும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அவள் எட்டாவது, நான் ஐந்தாவது... ஆனால் அன்றைக்கு என்னிடம் குறைந்துபோனது அந்த மூன்று வகுப்பு இல்லை.