சங்கு முந்தி ஊதிய சனிக்கிழமை

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு லேத் பட்டறை, குமணன்சாவடியில் மாடி வைத்த வீடு, பிள்ளைகள் எல்லோருக்கும் காலேஜ் படிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் செய்தது இத்தனையும். அன்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இன்று தங்கள் பையன்களுக்கு வேலை கேட்டு என் பட்டறைக்கு வருகிறார்கள். ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய வேலையை எட்டு வயதிலேயே முடித்துவிட்டேன். அது யாருக்கும் தெரியாது.

எண்பதுகளில் அண்ணனூர்ப் பக்கம் எங்கள் சபை வெறும் ஓலைக் கொட்டகை. சுற்றுப்பட்ட சபைகள் சேர்ந்து அங்கே சங்கிலி ஜெபம் வைத்தார்கள். வெள்ளி சாயங்காலம் தொடங்கினால் மறுநாள் சாயங்காலம்வரை யாராவது முழங்காலில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு சபை எழுவதற்குள் அடுத்த சபை வந்துவிட வேண்டும்.

அந்த வாரம் அம்மா பிரசவத்துக்குப் போன இடத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். அப்பா ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். என்னைப் பார்த்துக்கொள்ள வந்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் மாதா கோயில், கத்தோலிக்கச் சபை. தம்பியான என் அப்பாவை அம்மா தன் சபைக்கு இழுத்துக்கொண்டாள் என்று கோபம். அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சு நின்று பல வருடம். என்னைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு அவள் வெளியே மர நிழலில் உட்கார்ந்துகொண்டாள்.

பாக்டரியின் மதியச் சங்கு ஊதும்வரை எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள், பிறகு வேப்பம்பட்டுச் சபை என்று ஏற்பாடு. சனிக்கிழமை பாக்டரி அரை நாள் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிட்டார்கள். சங்கு முந்தியே ஊதியது. அது கேட்டால் அந்தப் பெண்களுக்குக் கை தானாகச் சோற்றுப் பானைக்குப் போய்விடும். புருஷன்மார் பசியோடு சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருப்பார்களே.

“வேப்பம்பட்டு ஆளுங்க ரயில்ல வந்துகினே கீறாங்க. அதுவரைக்கும் நீ மண்டி போடு கண்ணு, எந்திரிச்சிடாத,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டு அக்கா கடைசியாக ஓடினாள்.

கொட்டகையில் நான் மட்டும். சங்கிலி அறுந்தால் அம்மா செத்துப்போவாள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். தெரிந்த ஒரே ஜெபத்தைச் சொன்னேன். தீர்ந்துவிட்டது. மறுபடி சொன்னேன். அப்புறம் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிவிடும்படி ஆண்டவரைக் கேட்டேன்: பட்டாபிராமில் ரயிலை நிறுத்தாமல் சிக்னலை இறக்கிவிடும், ஆவடியில் கூட்டம் ஏற்றாதேயும். முழங்காலில் மணல் ஏறி எரிந்தது. கையை ஊன்றி எழப் பார்த்தேன்.

“இன்னா எந்திரிக்கிற?” என்றது வாசலிலிருந்து அத்தையின் குரல்.

“ஒண்ணும் வரல அத்தை.”

“வராட்டி உங்கம்மா பேரச் சொல்லு. அதையே சொல்லிகினு இரு, நைனா. நிறுத்தாத.”

சொன்னேன். வேப்பம்பட்டு ஆட்கள் வேர்த்து விறுவிறுத்து நுழைந்தபோது என் தொண்டையில் வெறும் காற்றுதான் இருந்தது. சாயங்காலம் அப்பா வந்து, தம்பி பிறந்ததையும் அம்மா கண் திறந்ததையும் சொன்னார். இன்றைக்கும் அம்மா என்னைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அன்று மதியம் வேப்பம்பட்டு ஆட்கள் மண்டியிட்டதும் நான் எழுந்து திரும்பியபோது அத்தை மர நிழலில் இல்லை. வாசலுக்கு உட்புறம் முழங்காலில் இருந்தாள். உதடு அசைந்தது, முந்தானைக்குள் விரலும் அசைந்தது.

“இன்னா அத்தை மெல்ற?”

“பாக்குடா,” என்றாள், எதையோ இடுப்பில் செருகிக்கொண்டே.

எனக்கு ஒரு துண்டு தரவில்லையே என்று அன்று முழுக்க முறைத்துக்கொண்டிருந்தேன். அத்தை பாக்கே போடாதவள் என்பதும், அது ஜெபமாலை என்பதும், பேசாத நாத்தனார் யாருக்காக அதை உருட்டினாள் என்பதும் அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.

சபையின் ஆண்டு மலரில், அந்தச் சங்கிலி அறுபடாமல் நடந்தது என்று பாஸ்டர், மூப்பர்கள் பேரெல்லாம் போட்டிருக்கிறார்கள். அடுத்த மலரில் என் பேரும் வர வேண்டும். எனக்கு முன்னால் அத்தை பேர். மாதா கோயில்காரி என்று தயங்க வேண்டாம். அச்சுச் செலவு என்னுடையது.