பக்கத்து வீட்டு மார்ஃபின்

கொட்டாவியில்தான் தொடங்கியது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பேருந்தில் நான் கண்டக்டர். உதியன்குளங்கரை தாண்டுவதற்குள் இருபது கொட்டாவியாவது விட்டிருப்பேன். மூக்கு ஒழுகியது. உச்சி வெயிலில் கை மயிர் சிலிர்த்து நின்றது. சளிக்காய்ச்சல் என்று நினைத்தேன். நெய்யாற்றின்கரையில் இறங்கிக் கழிப்பறைக்கு ஓடியவள், அன்று திரும்ப வண்டியில் ஏறவில்லை.

அது காய்ச்சல் இல்லை. நான் விழுங்கிவந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று முந்தின நாள் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

எனக்கு ஆறு வருடமாக நடு வலி (கீழ் முதுகு வலி). கேரள-தமிழக எல்லையில் வாழ்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்குள்ள டாக்டர் சரிப்படவில்லை என்றால் களியக்காவிளை தாண்டினால் இன்னொருவர். நான் இருவரையும் விடவில்லை. இங்குள்ளவர் எழுதியது முதுகுக்கு, அங்குள்ளவர் எழுதியது காலில் இறங்கும் வலிக்கு என்று நானாகவே பிரித்துக்கொண்டேன். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயம்.

நெய்யாற்றின்கரையில் புதிதாகப் பார்த்த டாக்டர் அம்மா இரண்டு மாத்திரை அட்டைகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"சேச்சி, இது ரெண்டும் ஒண்ணு தன்னே."

பெயர்தான் வேறு. இரண்டிலும் இருந்தது டிரமடால் (அபினி வகையைச் சேர்ந்த வலி மருந்து). எனக்கு வந்தவை விலகல் அறிகுறிகள் (உடல் பழகிப்போன மருந்து குறையும்போது செய்யும் கலவரம்). ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து என்றார். எட்டு மாதத்தில் படிப்படியாகக் குறைக்க ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்.

"அப்புறம் வலி போயிருமா டாக்டர்?"

வலி இருக்கும் என்றார். உடற்பயிற்சியும் வேறு மருந்தும் வைத்து அதோடு வேலை செய்யப் பழகலாமாம். இதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இதே பாதையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு முறை அளவு குறையும்போதும் ஒரு வாரம் நரகம். கால் தானாக உதறும். டம்ளர் வைக்கும் சத்தம்கூடப் பொறுக்காது. பழைய வலி இரண்டு மடங்காக வந்து உட்காரும். பிறகு அடங்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் அடங்கியது.

அடங்காதது வேறொன்று. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவளுக்குக் கல்லீரலில் புற்றுநோய்.

செங்கல் என்ற ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். வெள்ளிதோறும் வலி தணிப்பு நர்ஸ் வரும் வண்டி அவள் வாசலில் நிற்கும். நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பார். அவள் எட்டு என்பாள். நர்ஸ் எட்டை எட்டாகவே எழுதிக்கொள்வார். மார்ஃபின் (அதே அபினி வகையில் வலுவான மருந்து) தருவார்.

நானும் எட்டு என்று சொன்னவள்தான். என் எட்டுக்கு எல்லாரும் ஸ்கேன் படத்தைப் பார்த்தார்கள். படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. என் கணவர் ராஜன், "எல்லாவளுக்கும் நடு வலி உண்டு. நீ ஒருத்தியாக்கும் அத சொல்லிட்டு நடக்குத" என்பார். அதே மனிதர் ஸ்டெல்லா அக்காவுக்கு இளநீர் வெட்டிக்கொண்டு போனார். சபைப் பெண்கள் அவளுக்காக ஜெபித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் சாகப்போகிறாள் என்று தெரிந்தும் எரிந்தது.

அவள் மகள் துணிக்கடைக்கு வேலைக்குப் போவாள். நான் விடுப்பில் இருந்ததால் பகலில் கூட இருந்து, வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தாள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

என் அளவு இரண்டாம் முறை குறைந்த வாரம். ஒரு புதன்கிழமை மதியம் அவள் நாக்கில் ஒரு மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு அட்டையோடு அடுக்களைக்குப் போய், இன்னொன்றைப் பிரித்து நான் விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் கால் உதறல் நின்றது. உடம்பு சொன்னபடி கேட்டது. அப்போதும் எனக்குக் கிடைத்ததை நினைக்கவில்லை. இது இவளுக்குத் தினமும் கிடைக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனபோது ஸ்டெல்லா அக்கா துவர்த்துத் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலை வேளைக்கு மாத்திரை இல்லை. அட்டை காலி என்று மகள் அழுதாள். நர்ஸ் வந்து மருந்து கொடுக்கும்வரை அக்கா முனகியதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"மாத்திர எண்ணம் சரியாத்தானே தந்தேன்?" என்று நர்ஸ் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா அக்கா முந்திக்கொண்டாள். "ஒண்ணு கை தவறி ஓடையில போச்சு."

நர்ஸ் போனதும், மகள் வேலைக்குக் கிளம்பியதும், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நானாக்கும் எடுத்தது."

"தெரியும் மக்கா. அட்ட ரெண்டு தடவ பொட்டுன சத்தம் கேட்டேன்லா."

"பின்ன எதுக்கு மறச்சிய?"

"ஒனக்கு வலி இல்லேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

ஆறு வருடத்தில் அப்படி ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. அழுதேன். அழுகையோடு மனதில் கிடந்ததையும் கொட்டிவிட்டேன். "எனக்கு ஒங்க மேல பொறாமையாக்கும் அக்கா."

அவள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு வலிக்கும், ஆனாலும் சிரித்தாள்.

"எனக்கு ஒனக்க மேல இல்லேன்னா நெனச்ச? ஒனக்கு எட்டு மாசத்துக்கு எழுதித் தந்திருக்காங்க. எனக்கு அடுத்த வெள்ளிக்கு மேல ஒருத்தரும் எழுதல்ல. இன்னும் எட்டு மாசம் வலிக்குமேன்னு நீ இங்க வந்திருந்து அழுவ. கேக்கும்போ அந்த எட்டு மாசம் எனக்குக் கெடைக்காதான்னு கொதியாட்டு இருக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "இனி நீ மாத்திர எடுத்துத் தராண்டாம். சும்மா வந்து இரு" என்றாள்.

மாத்திரையை அன்றே பூட்டி, சாவியை மகள் வசம் கொடுக்கச் சொன்னேன். நர்ஸிடமும் டாக்டர் அம்மாவிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. அதே அளவில் இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொல்லி, எட்டை ஒன்பதாகத் திருத்தினார். என்னைப் போல வலியோடு இருந்து இதைப் படிக்கும் நீங்கள் இன்னொருவருடைய மருந்துக்குக் காவல் இருக்காதீர்கள். நல்ல மனம் மட்டும் அதற்குப் போதாது.

நான் மாத்திரை குறைக்கத் தொடங்கிய ஐந்தாம் மாதம் ஸ்டெல்லா அக்கா இறந்தாள். அதுவரை தினமும் போய்ச் சும்மா இருந்தேன். அவள் எட்டு என்பாள், நான் ஏழு என்பேன்.

ஒன்பதாம் மாதம் கடைசி மாத்திரையும் நின்றது. இப்போது மறுபடியும் வண்டியில் போகிறேன். முன்பு என் நாளில் மாத்திரைக்கும் மாத்திரைக்கும் நடுவில் உள்ள நேரம் மட்டும்தான் இருந்தது. இப்போது காலை இருக்கிறது, மதியம் இருக்கிறது. எல்லாவற்றிலும் முதுகு வலிக்கிறது. வளைவுகளில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்தால் குறையும் என்று என் உடம்பு எனக்குக் காட்டித் தருகிறது.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டர் அம்மா, இந்த வலி இன்னும் பல வருடம் கூடவே இருக்கலாம் என்றார். ராஜன் முகம் வாடிப்போனது. எனக்கோ அதை ஓடிப்போய் ஒருத்தியிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. பல வருடம் என்று கேட்டு, கொதியோடு என்னைப் பார்க்க, மதிலுக்கு அந்தப் பக்கம் இப்போது யாரும் இல்லை.