கரடி சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

இங்கிலாந்தில் என் முகம் டெலிவிஷனில் தெரிந்தது. சத்தியம் வேண்டுமானாலும் செய்வேன். பெட்டி அணைந்திருந்தது, அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து நான் தலை சீவிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

அறுபதுகளில் நான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். மில்லுக்கு வரப்போகும் புது மிஷினைக் கழற்றி மாட்டப் பழகி வரச்சொல்லி, முதலாளி என்னையும் எங்கள் மேஸ்திரியையும் அங்கே அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரிந்தது வெளிச்சுவர்தான். மேஸ்திரிக்கு வாசல் கேட்டும் தெரியும்.

ஒரு அம்மாவும் சின்ன மகளும் இருந்த வீட்டில் தங்கினோம். அங்கே செருப்போடு வீட்டுக்குள் நடக்கிறார்கள். வெயில் அடிக்கும்போதே குழந்தையைத் தூங்க அனுப்புகிறார்கள். அதெல்லாம் போகட்டும், சாப்பாட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

மசித்த உருளைக்கிழங்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று அந்த அம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டினார். நான் மரியாதையாகத் தட்டைக் கையால் மறித்து “நோ” என்றேன். நம் ஊரில் அதற்குப் பிறகுதான் பரிமாறவே ஆரம்பிப்பார்கள். கையை விலக்கி இரண்டு கரண்டி வைக்காவிட்டால் அது ஒரு வீடா? அந்த அம்மா சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவ எடுத்துப் போய்விட்டார்.

தினமும் இதே கூத்து. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மேஸ்திரியிடம் கெஞ்சினேன்.

“ஏனுங்ணா, இன்னைக்கு மொதல்ல நீங்க வாங்கிக்குங்க. பொறவு நானும் வாங்கிக்கறேன்.”

“ஏன், நீ வாங்கறது? கேட்டதும் தட்ட நீட்டுனா, கோயமுத்தூர்க்காரன் சோத்துக்குச் செத்தவன்னு சொல்லிப்போடுவாங்கடா.”

“நெசமாவே செத்துப்போயிருவேனாட்ட இருக்குதுங்ணா!”

சாயங்காலம் டெலிவிஷனில் குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் வரும். அந்தக் குழந்தையோடு நானும் தரையில் உட்கார்ந்துகொள்வேன். இங்கிலீஷில் அவள் எனக்கு மூத்தவள். அன்றைக்கு ஒரு துணிக்கரடிக்குக் கேக் கொடுத்தார்கள். இன்னும் வேண்டுமா என்றதும், அது கொஞ்சமும் வெட்கமில்லாமல் தலையை ஆட்டி, கீச்சுக்குரலில் “எஸ் ப்ளீஸ்!” என்றது. உடனே கேக் வந்தது. அடப்பாவி, இவ்வளவுதானா!

அன்று கரண்டி தூக்கியதும் நானும் தலையை ஆட்டினேன். “எஸ் ப்ளீஸ்!” என்று அதே கீச்சுக்குரலில் சொன்னேன். அந்தக் குரலும் மரியாதையில் சேர்த்தி என்றே நினைத்திருந்தேன்.

குழந்தை நாற்காலியிலிருந்து விழாத குறை. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்டியில் இருந்ததில் பாதியை என் தட்டில் தள்ளினார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். உருளைக்கிழங்கைப் பார்த்தார். மீசையை ஒருதரம் தடவினார். பிறகு அந்தப் பெரிய மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாகத் தலையை ஆட்டி...

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரியின் குரல். “ஏனுங்க, எத்தன வாட்டி கூப்புடறதுங்க? சாப்புட வாரீங்களா, இல்ல எல்லாத்தையும் எடுத்து வெச்சுப்போடட்டுங்களா?”

“வெச்சுப்போடாத அம்மணி! இதா வாரேன்!”