மழைக்காக உயர்த்திய வண்டி

என் மனைவியின் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு எங்கள் வாரம் மூன்று நாட்களாகச் சுருங்கிவிட்டது. திங்கள், புதன், வெள்ளி. அந்த நாட்களில் காலையில் இரும்புலியூரிலிருந்து பல்லாவரத்துக்குப் போவோம். அங்கே ஒரு டயாலிசிஸ் மையத்தில் அவளுடைய ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்பும்வரை நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமை சந்தைக் கூட்டத்தில் வண்டி நகராது என்பதால் அன்று மட்டும் சீக்கிரம் கிளம்புவோம். மற்ற நாட்களில் அவள் களைத்துப் படுத்திருப்பாள்.

அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். வேலையை விட்டது நோயைவிட அவளுக்குப் பெரிய துக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் தொழில் போர்வெல் மோட்டார் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். குழாய்களையும் கேபிளையும் ஏற்றிக்கொண்டு சேறும் சகதியுமான புது மனைகளுக்குப் போக வேண்டியிருந்ததால், நான்கு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப் வாங்கியிருந்தேன். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் உட்காரலாம். அதற்கும் பின்னால் திறந்த தொட்டி. அவளை மையத்துக்கு அழைத்துப் போனதும் அதில்தான்.

ஒரு நவம்பரில் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. முதல் நாள் முழங்கால் அளவு, மறுநாள் தொடை. திங்கட்கிழமை போக முடியவில்லை. மழை விட்டதும் போய்விடலாம் என்று நினைத்தோம். விடவில்லை. சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த நீரெல்லாம் அப்படியே தங்கும். அவள் ஒரு சின்ன டம்ளரில் அளந்து வைத்துக்கொண்டு நாக்கை மட்டும் நனைத்தாள். அப்படியும் கால் வீங்கியது, பிறகு முகம். புதன்கிழமை காலையில் அவளால் படுக்கவே முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிட்டேன். தெருமுனைகூட வரவில்லை, எஞ்சின் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஒருமுறை உதறி நின்றுவிட்டது. கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்த தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். அதில் அவளை உட்கார வைத்து நான்கு பேராகத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடான ஜிஎஸ்டி ரோடு வரை நடந்தோம். மாடிகளிலிருந்து அவளிடம் படித்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ரோட்டில் ஆம்புலன்ஸ் கிடைத்தது, பிழைத்தாள். ஆனால் அந்த நாற்காலியைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வண்டியை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். அங்கே என் வண்டியைப் போலவே இன்னொரு பிக்கப் நின்றது. ஆனால் அது உயரமாக இருந்தது. அதன் அடியில் ஒரு ஆள் குனியாமலே உட்கார்ந்து வேலை செய்யலாம் போல. சனி ஞாயிறுகளில் காட்டுப் பாதையிலும் ஆற்று மணலிலும் ஓட்டுகிற இளைஞர்களுக்காக அப்படி உயர்த்தித் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். முப்பத்தைந்து வயதுக்காரர், அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். என் வண்டியையும் உயர்த்த முடியுமா என்று கேட்டேன்.

“செஞ்சிரலாம் சார். எந்தப் பக்கம் போவீங்க? மலையா, ஆத்து மணலா?”

“பல்லாவரம். டயாலிசிஸுக்கு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உட்காரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கியது. வண்டியை எவ்வளவு தூக்கினாலும் அது படகு ஆகிவிடாது என்றார். எஞ்சின் மூச்சு விடுகிற இடத்துக்குத் தண்ணீர் வந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் காற்று இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். உயரம் கூடினால் வளைவில் வண்டி சாயும், நிதானமாகத்தான் ஓட்ட வேண்டும். நான்கு அங்குலம் தூக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் போலீஸ் நிறுத்துவார்கள். இரண்டு போதும்.

வீட்டில் சொன்னபோது அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தையல் போட்டுக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துவிட்டு, யோசித்துப் பேசினாள்.

“ஒசத்துறது இருக்கட்டும். நான் எப்படி ஏறுவேன்? அதை யோசிச்சீங்களா?”

யோசிக்கவில்லை.

“என்னை யாரும் தூக்கக் கூடாதுங்க. நானே ஏறணும், நானே இறங்கணும். அது முடியும்னா செய்ங்க. இல்லன்னா வேண்டாம்.”

அதனால் வேலை நடந்த அன்று அவளும் பட்டறைக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை, முந்தின நாள்தான் இயந்திரத்திலிருந்து வந்திருந்ததால் கொஞ்சம் தெம்பாக இருந்தாள். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள்.

வண்டியின் சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்டுகள் கொடுத்து நான்கு சக்கரங்களையும் கழற்றினார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை அச்சோடு பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி அசையவே இல்லை. எண்ணெய் அடித்துக் காத்திருந்து, கடைசியில் இரண்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழைய பட்டைகள் வருஷக்கணக்கில் குழாய்ப் பாரம் சுமந்து வளைவே இல்லாமல் நேராகியிருந்தன. அவற்றுக்குப் பதில் நல்ல வளைவுள்ள புதுப் பட்டைகள் போயின. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கை இரும்புக் கொக்கிகளால் இறுக்கிச் சுருக்கி உள்ளே ஏற்றினார்கள். அந்த நேரத்தில் மட்டும் பட்டறைக்காரர் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். கொக்கி நழுவினால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடுமாம். நீளமான ஷாக் அப்சார்பர்கள், பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்க்கு நீளம் கூட்ட ஒரு துண்டு, கூரை உயரத்துக்கு ஏறும் காற்றுக் குழாய். எனக்குத் தெரிந்த வேலையும் இரும்பும் குழாயும்தான் என்பதால் கூடமாட உதவினேன். பேசாமல் வேலை செய்ய முடிந்தது அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

சாயங்காலம் சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினார்கள். இரண்டு அங்குலம்தான். ஆனால் அவள் அருகில் போய் நின்றபோது வண்டி மிகப் பெரியதாகத் தெரிந்தது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஏறுவதற்குப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அவளுக்கு இடது பக்கம் இருந்தது. அவளுடைய இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். அந்தக் கையால் எதையும் இழுக்கக் கூடாது, அதில் பாரம் தாங்கக் கூடாது. பழைய உயரத்தில் அவளுக்குக் கைப்பிடியே தேவைப்பட்டதில்லை.

அவள் அந்தக் கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். பட்டறைக்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். அவளே கையைக் காட்டி விளக்கினாள். தோலுக்கடியில் ரத்தம் ஓடும் அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவர் ஒரு விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று எடுத்துவிட்டார்.

பிறகு கதவுக்கு வலப்பக்கத் தூணில், உள்ளே, ஒரு கைப்பிடியைப் போல்ட் போட்டு இறுக்கினார். கீழே அகலமான படி ஒன்று. அவள் ஏறினாள், முடியவில்லை. படியை இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்தார். மறுபடி ஏறினாள். கைப்பிடி கொஞ்சம் மேலே இருக்க வேண்டும் என்றாள். அதை மாற்றினார். இருட்டத் தொடங்கும் நேரத்தில் அவள் தானாக ஏறி உட்கார்ந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டாள். வீடு வரும்வரை சாலையைக் கீழே பார்த்தபடி வந்தாள்.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மறுபடி தெருவில் தண்ணீர் ஓடியது. போவதா வேண்டாமா என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் ஒரு பையில் போர்வையும் பிஸ்கட்டும் எடுத்து வைத்தாள், ஏறினாள். பின் தெருவில் ஒரு பெண்ணையும் அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மையத்தில் என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. பல்லாவரத்தில் தோல் பை தைக்கிற வேலை, முப்பது வயதுகூட இருக்காது. அவள் எங்களுக்காக ஒரு காம்பவுண்டு சுவர் மேல் உட்கார்ந்து, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தண்ணீரில் ஓட்டுவது எனக்குப் புதிது. நிறுத்தவும் கூடாது, வேகமாகவும் போகக் கூடாது. முன்னால் எழும்பிய அலை இரண்டு பக்கமும் போய் வீட்டு வாசல்களில் மோதியது. ஒரு வாசலில் நின்றிருந்தவர் கையை ஓங்கித் திட்டினார். எனக்குப் பதற்றம், எப்படியாவது மெயின் ரோடு போய்விட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது. மனைவி என் முழங்கையில் கை வைத்தாள்.

“மெதுவாங்க. நம்ம போற தண்ணி அவங்க வூட்டுக்குள்ள போவுது.”

கோபமோ பயமோ வந்தால் மட்டும் அவள் வாயில் சின்ன வயதுப் பேச்சு வரும். வேகத்தைக் குறைத்தேன். மனிதர் நடக்கிற வேகத்தில் அந்தத் தெருவைக் கடந்தோம். எஞ்சின் நிற்கவில்லை.

மையத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. இருவரையும் இயந்திரத்தில் இணைத்த பிறகு நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். என் மனைவி தன் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் வழியில், எப்போதும் ஜன்னல் ஓரம் உட்காரும் பெரியவர் வரவில்லை என்றாள். மழை விட்ட பிறகும் அவர் வரவில்லை. அவர் இறந்துவிட்டதை நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்தத் தண்ணீரிலும் வந்து சேர்ந்ததற்காக நான் ரகசியமாகப் பட்டுக்கொண்டிருந்த பெருமை அன்றோடு போயிற்று.

அவள் இறந்தது மழையில் இல்லை. அடுத்த மே மாதம், தார் இளகும் வெயிலில். குளிர் காய்ச்சலில் தொடங்கியது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். ஆம்புலன்ஸ் கூப்பிட்டதும் வந்தது. சாலை காய்ந்து, காலியாகக் கிடந்தது. ஒரு சிக்னல்கூட எங்களை நிறுத்தவில்லை. நான் பிக்கப்பில் பின்னாலேயே போனேன். இரண்டு நாள் ஐசியூவில் இருந்தாள். இரண்டாம் நாள் என்னை அடையாளம் தெரிந்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அவ்வளவுதான்.

தண்ணீர்தான் எங்கள் எதிரி என்று நினைத்து நான் எல்லாவற்றையும் தயார் செய்திருந்தேன். சாவு வேறு வழியாக வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு பல நாள் அந்த வண்டியைத் தொடவே பிடிக்கவில்லை. வாசலில் அது நின்ற உயரமே எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலைக்குத் தம்பி முறையான ஒருவரின் சின்ன வேனை இரவல் வாங்கி ஓட்டினேன். பட்டறைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தபோது, வண்டியைப் பழையபடி இறக்கிவிட முடியுமா என்று கேட்டேன். எப்போது கொண்டுவந்தாலும் செய்து தருவதாகச் சொன்னார். நான் கொண்டுபோகவில்லை. விற்கவும் இல்லை.

அக்டோபர் கடைசியில் மழை தொடங்கியது. ஒரு காலை அந்தத் தோல் பை தைக்கிற பெண்ணின் நினைவு வந்தது. அவள் என்னைக் கூப்பிடமாட்டாள் என்று தெரியும். நானே போன் செய்தேன். ஆட்டோக்காரர் வர மறுத்துவிட்டதாகச் சொன்னாள். ஆனால் உடனே, வேண்டாம் அண்ணா, நான் பாத்துக்கிறேன் என்றாள்.

அவளை ஏற்றிக்கொண்டு போனேன். என் மனைவி உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தயங்கிப் பின்சீட்டுக்குப் போகப் பார்த்தாள். முன்னாலேயே உட்காரச் சொன்னேன். குரோம்பேட்டை தாண்டும்போது கேட்டாள்.

“அண்ணா, அங்க வர்றது உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?”

“இருக்கும்மா.”

“அப்ப என்னை வாசல்லயே எறக்கி வுட்ருங்க. உள்ள வராதீங்க.”

வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கி, குடை இல்லாமல், கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். எதிரே ஒரு டீக்கடைக் கூரையோரம் வண்டியை ஒதுக்கினேன். முடியும் நேரத்தை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அது எனக்கே தெரியும். டீ ஒன்று வாங்கிக்கொண்டு, கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.