இரண்டு பேச்சுக்கும் நடுவே மதலேனம்மாள்

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு விடுமுறை. ஒதியம்பட்டில் கரும்புக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். மதலேனம்மாளின் தம்பி அந்துவான் சைக்கிளை வரப்போரம் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"அக்கா போயிடுச்சிண்ணே. காலையில பூசைக்கு மணி அடிக்கறப்போ."

நெஞ்சு நோயால் மாதக்கணக்கில் படுத்திருந்தவர்தான், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மண்வெட்டியை எங்கே வைத்தேன் என்று பிறகு தேட வேண்டியிருந்தது. கை காலைக் கழுவிக்கொண்டு அவரோடு வில்லியனூருக்குப் போனேன்.

ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பஞ்சாலையை நடத்திய பெரிய துரைக்குத் தமிழ் வராது. தறிகளில் நின்ற எங்களுக்குப் பிரெஞ்சு வராது. கன்னியர் பள்ளியில் படித்த மதலேனம்மாள் இரண்டு பேருக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்லும் வேலைக்கு வந்தார். அலுவலகத்தில் அதற்கு முன் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. தலைமைக் குமாஸ்தா அவருக்கு வேலையே கொடுக்காமல் வைத்திருந்தார். தானாகப் போய்விடுவார் என்று நினைத்திருக்கலாம். மதலேனம்மாளோ தறிக்கொட்டகைக்கு வந்துவிட்டார். இது இன்னா, அது இன்னா என்று ஒவ்வொரு பாகமாகக் கேட்டார். நான் அப்போது நெசவுப் பகுதி மேஸ்திரி.

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றேன்.

"ஒடஞ்சது இன்னான்னு முசேகிட்ட சொல்லணும்னா, அது இன்னான்னு எனக்குத் தெரியணும் இல்லண்ணே?" என்றார். பெரிய துரையை அவர் முசே என்றுதான் சொல்வார். இரைச்சலில் கத்திக் கத்திப் பேசியதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மறுநாளும் வந்தார்.

ஒரு மழைக்காலத்தில் என் பகுதியில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஓயாமல் அறுந்தது. துணி குறைந்தது. என் ஆட்கள் வேண்டுமென்றே அறுக்கிறார்கள் என்று பெரிய துரைக்கு அடுத்தபடியாக இருந்த சின்ன துரை மேலே சொல்லிவிட்டார். பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். மேசையைத் தட்டிக்கொண்டு ஏதோ கத்தினார். பேச்சு புரியாவிட்டாலும் அதில் ஒரு வார்த்தை எப்படிப்பட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மதலேனம்மாள் வாயைத் திறக்கவில்லை. சொல், சொல் என்று துரை கையை ஆட்டினார். இந்தம்மாள் தணிந்த குரலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். துரையின் காது சிவந்தது. பிறகு மதலேனம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்க பகுதில நூலு ஏன் அறுவுதுன்னு கேக்கறாரு. இன்னொரு வார்த்தையும் சொன்னாரு. அத சொல்ல மாட்டேன்னு அவருகிட்டயே சொல்லிட்டேன்."

"அந்தாள வந்து ஒரு நாளு தறியில நின்னு பாக்கச் சொல்லுங்க, அப்ப தெரியும் அவன் யோக்கியத" என்று ஆரம்பித்து இன்னும் என்னென்னவோ பேசினேன். நான் முடிக்கும்வரை மதலேனம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதயும் நான் சொல்லப் போறதில்ல. நூலு ஏன் அறுவுது, அத சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு நிதானம் வந்தது. பாவுக்குப் போடும் கஞ்சிக்குச் சின்ன துரை வேறு மாவு வாங்க ஆரம்பித்திருந்தார். அதில் நூல் விறைப்பதில்லை. அதைச் சொன்னேன். மதலேனம்மாள் ஒன்றும் விடாமல் சொன்னார். துரை நம்பவில்லை. பழைய கஞ்சியில் ஒரு பாவும் புதுக் கஞ்சியில் ஒரு பாவும் பக்கத்துப் பக்கத்துத் தறிகளில் ஓட்டிப் பார்க்கலாமே என்று மதலேனம்மாள் அவரிடம் கேட்டிருக்கிறார். துரையே வந்து நின்று பார்த்தார். பழையது ஓடியது, புதியது அறுந்து அறுந்து நின்றது. என் வேலை அன்று தப்பித்தது.

மதலேனம்மாள் வேலைதான் சிக்கலானது. சின்ன துரை பொருமி, அவரைச் சரக்கறைக்கு மாற்றவைத்தார். பேச்சு மாற்ற வேறொரு ஆள் வந்தார். தறிகளை நிறுத்திவிடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டு சரக்கறைக்குப் போனோம்.

"வேணாம்ணே. எனக்காவ தறிய நிறுத்தினா, நான் உங்க ஆளுன்னு ஆயிடும். அப்பறம் நான் சொல்ற எதயும் முசே நம்ப மாட்டாரு. உங்களுக்கும் எனக்கும் அதான நஷ்டம்?"

பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே அந்த வேலையையும் ஒழுங்காகப் பார்த்தார். புதிய ஆள் பயந்தவர். துரையிடம் எங்கள் பேச்சைப் பாதியாகச் சொல்வார். எங்களிடம் துரையின் பேச்சுக்குச் சர்க்கரை தடவுவார். ஆள் குறைப்புப் பற்றி வந்த ஒரு பேச்சு அப்படித் திரிந்து, கொட்டகை முழுக்க வெளியே வந்து வாசலில் நின்றது. கடைசியில் துரையே மதலேனம்மாளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் ஒன்றுதான் கேட்டார்: "இனிமே முசேவுக்குப் பின்னால நிக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நாற்காலி போடுங்க." போட்டார்கள். ஆள் குறைப்பு பாதியாகக் குறைந்தது அந்தப் பேச்சில்தான். முழுதாக நின்றது என்று யாராவது சொன்னால் அது சரியல்ல. அவரே அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தேன். எனக்கு வர வேண்டிய தலைமை மேஸ்திரி இடம் வெளியூர் ஆள் ஒருவருக்குப் போய்விட்டது. அவரோடு நான் பேசுவதில்லை, வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னேன். தலையணையில் சாய்ந்தபடி கேட்டுவிட்டு மதலேனம்மாள் சொன்னார்.

"கோவம் ஞாயந்தாண்ணே. ஆனா அந்தாளு உங்க எடத்த தானா வந்து புடுங்கல, குடுத்தாங்க. புது எடத்துல ஒருத்தரும் மூஞ்சி குடுக்கலன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்களே மொதல்ல பேசிடுங்க."

ஆனாலும் அதற்குப் பிறகும் நான் அந்த ஆளோடு பேசவில்லை.

ஞாயிறு மாலை அடக்கம் முடிந்தது. திங்கள் காலை ஆலைச் சங்கு ஊதியதும் புதிய தலைமை மேஸ்திரியிடம் போனேன். "மழைக்கு முன்னால கெழக்குப் பக்கத்துக் கூரைய பாத்துடணும். ஒழுகினா பாவு கெட்டுடும். வாங்க, காட்டறேன்" என்றேன். அவர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். மனம் முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் வார்த்தையை நானே பேசினேன். மதலேனம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.